ஒரு வாளிப் பனிநீர்

2014ஆம் ஆண்டு, பனிக்கட்டி நீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளும் காணொளிகள் சமூக ஊடகங்களில் வேகமாகப் பரவின. உடல் தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய்க்கு நிதி திரட்டும் முயற்சி அது. நீரை ஊற்றிக்கொண்டவர் தம் நண்பர்களைப் பெயர் சொல்லி அழைப்பார். அவர்கள் 24 மணி நேரத்திற்குள் நீரை ஊற்றிக்கொள்ள வேண்டும். அல்லது நன்கொடை வழங்க வேண்டும். “எல்லாரும் உதவுங்கள்” என்றால் கேட்காததுபோல் இருந்துவிடலாம். நண்பனே பெயர் சொல்லி அழைத்தால் எப்படி மறுப்பது?

நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல் வேடிக்கைக்காக ஊற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஆயினும், அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்திற்கு ஏறத்தாழ 115 மில்லியன் அமெரிக்க வெள்ளி சேர்ந்தது. அந்நிதியின் உதவியோடு நடந்த ஆய்வில், அந்நோயுடன் தொடர்புடைய மரபணு ஒன்று கண்டறியப்பட்டது. 2016இல் அச்செய்தியைச் சங்கம் நன்கொடையாளர்களுக்கு அறிவித்தது.