பின்னால் கேட்கும் சத்தம்

பிக்கப் வண்டியின் பின்பக்கம் "டக் டக்" என்கிறது. பாட்டைச் சத்தமாக வைத்து ஓட்டுபவர்களும் உண்டு! சத்தம் எப்போது வருகிறது என்று கவனிக்க வேண்டும்.

பள்ளத்தில் இறங்கும்போதா? வில்பட்டையைப் பார்க்க வேண்டும். பட்டையின் முனையில் ரப்பர் புஷ் இருக்கும். அது தேய்ந்தால் இரும்போடு இரும்பு இடிக்கும். புஷ்ஷை மாற்றினால் போதும்.

பட்டையை அச்சோடு சேர்த்துப் பிடிப்பது யூ போல்ட். அதன் நட்டு தளர்ந்தால் ஆபத்து. பட்டையின் நடு போல்ட் உடையலாம். அச்சு நகரும். பாரம் ஏற்றிய வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நட்டை முறுக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

கிளம்பும்போது மட்டும் சத்தமா? பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் நீளத் தண்டில் கிராஸ் என்ற இணைப்பு உண்டு. அது தேய்ந்திருக்கலாம். எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தண்டைக் கையால் திருப்ப வேண்டும். கிராஸில் ஆட்டம் தெரிந்தால் மாற்ற வேண்டும்.