விசேஷ நாளிலும் பாதத் தாங்கியோடு நடப்போம்: பொருத்தமான காலணியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

உறவினர் வீட்டுத் திருமணம். நாள்தோறும் அணியும் விளையாட்டுக் காலணி பட்டுச் சேலைக்கோ கோட்டுக்கோ எடுப்பாக இராது என்று, அலமாரியில் இருக்கும் நல்ல காலணியை எடுக்கிறீர்கள். பாத சிகிச்சையாளர் கொடுத்த பாதத் தாங்கியை அதற்குள் வைத்தால் கால் நுழைய மறுக்கிறது. “ஒரு நாள்தானே” என்று தாங்கியை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புகிறீர்கள்.

ஆனால் அந்த ஒரு நாளில்தான் நீங்கள் வழக்கத்தைவிட அதிக நேரம் நிற்கிறீர்கள். வாசலில் வரவேற்பு, மேடையில் புகைப்படம், பந்தியில் உபசரிப்பு என்று கால்களுக்கு ஓய்வே கிடைக்காது. பாதத் தாங்கி மிகவும் தேவைப்படுவதும் அன்றுதான். தாங்கிக்கு இடம் தரும், பார்க்கவும் நன்றாக இருக்கும் காலணியைத் தேர்ந்தெடுக்கும் வழிகளை இந்தக் கையேடு விளக்குகிறது.

பாதத் தாங்கி என்ன செய்கிறது?

காலணிக்குள் பாதத்தின் அடியில் வைக்கப்படும் தாங்கியைப் பலர் ‘இன்சோல்’ என்று சொல்வார்கள். உடலின் எடை ஒரே இடத்தில் விழாமல் பாதம் முழுவதும் பரவ இது உதவுகிறது. தட்டைப் பாதம், குதிகால் வலி, முன்பாத வலி, அடிக்கடி காய்ப்பு விழுதல் போன்ற பிரச்சினைகள் உள்ளவர்களுக்கு இது பரிந்துரைக்கப்படலாம்.

நீரிழிவு நோய் உள்ளவர்களுக்கு இதன் தேவை இன்னும் அதிகம். நீண்டகால நீரிழிவால் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டால், உணர்வு குறைந்துவிடும். காலணி கடிப்பது தெரியாது. உள்ளே ஒரு சிறு கல் கிடந்தாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் எளிதில் ஆறாது. இப்படித்தான் ஒரு சிறு கொப்புளம் புண்ணாகி, கிருமி தொற்றி, விரலையோ காலையோ அகற்ற வேண்டிய நிலைக்குச் சிலர் தள்ளப்படுகிறார்கள். பொருந்தாத காலணியைத் தவிர்ப்பது இந்த ஆபத்தைக் குறைக்கும் எளிய வழிகளில் ஒன்று.

பெரிய அளவு வாங்கினால் போதாதா?

போதாது. விசேஷத்துக்கு அணியும் காலணிகள் பெரும்பாலும் ஒடுக்கமாகவும் ஆழம் குறைவாகவும் தைக்கப்படுகின்றன. தாங்கியை வைத்ததும் பாதம் மேலே உயர்கிறது. விரல்கள் காலணியின் மேல்பகுதியில் இடிக்கின்றன, குதிகால் பின்பக்கம் வெளியே நழுவுகிறது. ஓர் அளவு பெரிதாக வாங்கினால் முக்கியமாக நீளம்தான் கூடும். தேவையான ஆழம் கிடைக்காது. பாதம் உள்ளே முன்னும் பின்னும் வழுக்கும். கால் தடுக்கி விழும் ஆபத்தும் கூடும்.

எனவே தாங்கியை அடிப்படையாக வைத்தே காலணியைத் தேர்ந்தெடுங்கள். காலணியை வாங்கிவிட்டு அதற்குள் தாங்கியைத் திணிக்க முயலாதீர்கள்.

கடைக்குச் செல்லும் முன்

1. பாதத்தின் வடிவத்தை வரையுங்கள். வெள்ளைத் தாளின்மேல் வெறுங்காலுடன் நின்றுகொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் பென்சிலை நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையட்டும். இரண்டு பாதங்களையும் வரைந்து, கத்தரித்து எடுத்துச் செல்லுங்கள். பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய பாதத்துக்கு ஏற்ற அளவையே வாங்க வேண்டும்.

2. பிற்பகலில் அல்லது மாலையில் செல்லுங்கள். நாள் முழுவதும் நடந்து நின்ற பிறகு பாதங்கள் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த காலணி, மாலை விருந்தில் இறுக்கிப் பிடிக்கலாம்.

3. இரண்டு தாங்கிகளையும், விசேஷத்தன்று அணியப்போகும் காலுறைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

4. உங்கள் தாங்கி தடிமனாக இருந்தால், விசேஷக் காலணிக்கு ஏற்ற மெல்லிய தாங்கியோ, விரல்கள்வரை நீளாத குட்டையான தாங்கியோ உங்களுக்குப் பொருந்துமா என்று பாத சிகிச்சையாளரிடம் கேளுங்கள். எல்லாருக்கும் அது பொருந்தாது. நீங்களாகவே தாங்கியை வெட்டவோ தேய்க்கவோ வேண்டாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

உள்மெத்தை கழற்றக்கூடியதா? காலணியோடு வரும் உள்மெத்தையைக் கையால் தூக்கிப் பாருங்கள். அது கழன்று வந்தால், அந்த இடத்தில் உங்கள் தாங்கியை வைக்கலாம். ஒட்டப்பட்டிருந்தால் வேறு காலணியைப் பாருங்கள். உள்மெத்தையின்மேல் தாங்கியை அடுக்கினால் இடம் போதாது.

அகலம் போதுமா? கத்தரித்த தாளைக் காலணியின் அடிப்பகுதியோடு ஒப்பிடுங்கள். தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் காலணி ஒடுக்கம். அகலத்தைக் குறிக்கும் எழுத்துகள் நாட்டுக்கு நாடு மாறும். ‘டி’ என்பது அமெரிக்க முறையில் பெண்களுக்கு அகலமானது, பிரிட்டிஷ் முறையிலோ வழக்கமான அகலம். எழுத்தை மட்டும் நம்பாமல் போட்டுப் பாருங்கள்.

விரல்களுக்கு இடம் இருக்கிறதா? தாங்கியை வைத்து, காலுறையோடு அணிந்து, எழுந்து நில்லுங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஏறக்குறைய கட்டைவிரல் அகலத்துக்கு, அதாவது சுமார் 1 செண்டிமீட்டர், இடம் வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளமாக இருக்கும். உள்ளே விரல்களை அசைக்க முடிய வேண்டும்.

குதிகால் நிற்கிறதா? சில அடிகள் நடந்து பாருங்கள். குதிகால் மேலே எழும்பினால் பின்பகுதியின் ஆழம் போதவில்லை. காலணியின் பின்சுவரை இரு விரல்களால் அழுத்திப் பாருங்கள். அது எளிதில் மடங்கக் கூடாது.

எங்கே வளைகிறது? காலணியின் இரு முனைகளையும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் மடங்கும் காலணி தாங்கிக்கு உறுதியான அடித்தளமாக இராது.

அடிப்பகுதி வழுக்குமா? மண்டபங்களின் பளிங்குத் தரையில் வழவழப்பான தோல் அடிப்பகுதி வழுக்கும். பிடிப்புள்ள ரப்பர் அடிப்பகுதியே பாதுகாப்பு.

பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் “இறுக்கமாக இல்லை” என்ற தங்கள் உணர்வை நம்பி வாங்கக் கூடாது. காலணிக்குள் கையை விட்டு, தையல் முடிச்சோ மேடோ உள்ளதா என்று தடவிப் பாருங்கள். முடிந்தால் குடும்பத்தினர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

ஆண்களுக்கு

நாடா கோத்துக் கட்டும் தோல் காலணிகளில் ‘டெர்பி’ வகையைக் கேளுங்கள். அதில் நாடா கோக்கும் இரு மடல்களும் நன்றாக விரியும். தாங்கியால் உயர்ந்த பாதத்துக்கு ஏற்ப அவற்றைத் தளர்த்திக்கொள்ளலாம். ‘ஆக்ஸ்ஃபர்ட்’ வகையில் மடல்களின் கீழ்ப்பகுதி சேர்த்துத் தைக்கப்பட்டிருப்பதால் அவ்வளவு விரியாது. நாடாவோ வாரோ இல்லாமல் காலை நுழைத்துக்கொள்ளும் காலணிகளில் தாங்கியை வைத்தால் பாதம் எளிதில் நழுவும்.

வேட்டிக்குச் செருப்புதான் பொருத்தம் என்று நினைப்பவர்கள், குதிகாலைச் சுற்றி வார் உள்ளதும் உள்மெத்தை கழற்றக்கூடியதுமான செருப்பைத் தேடலாம். பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் விரல்களை மூடும் காலணியையே அணிய வேண்டும்.

பெண்களுக்கு

குதிகால் உயரம் 2.5 செண்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். குதிகால் உயர உயர எடை முன்பாதத்தின்மேல் சாய்கிறது, தாங்கியின் பயன் குறைகிறது. அகலமான அடிப்பகுதியும், பாதத்தின்மேல் வாரும், வட்டமான முன்பகுதியும் உள்ள காலணி நல்லது. கூர்மையான முன்பகுதி விரல்களை நெருக்கும்.

சேலைக்கு உள்ளே காலணி அவ்வளவாக வெளியே தெரியாது. எனவே சேலை கட்டுபவர்கள் அழகுக்காக வசதியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. காலணியை அணிந்த பிறகே சேலையைக் கட்டுங்கள். முன்பு உயரமான காலணிக்கு ஏற்பக் கட்டிய பழக்கத்தில் தட்டையான காலணிக்கும் கட்டினால், கொசுவம் தரையில் புரண்டு காலைத் தடுக்கும்.

காலணியைக் கழற்றும் இடங்களில்

கோயில், பள்ளிவாசல், உறவினர் வீடு என்று காலணியைக் கழற்றும் இடங்கள் நமக்கு அதிகம். குனிந்து நாடா கட்டச் சிரமப்பட்டே பலர் தாங்கி வைத்த காலணியை ஒதுக்கிவிடுகிறார்கள். ஒட்டுப்பட்டை உள்ள காலணி, இழுபடும் நாடா, நீண்ட கைப்பிடியுள்ள காலணிக் கரண்டி ஆகியவை இதற்கு உதவும். எப்போதும் உட்கார்ந்துகொண்டே காலணியை மாட்டுங்கள். மாட்டும் முன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள்.

பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வெயிலில் சூடேறிய தரையில் வெறுங்காலுடன் நிற்கவோ நடக்கவோ வேண்டாம். சுடுவது தெரியாமலேயே பாதம் கொப்பளித்துவிடும்.

புதுக் காலணியைப் பழக்குங்கள்

திருமணத்தன்று முதன்முதலாக அணியாதீர்கள். குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே வாங்குங்கள். முதல் நாள் வீட்டுக்குள் அரை மணி நேரம் அணிந்து, பிறகு நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் கழற்றியதும் பாதத்தின் மேல், கீழ், விரலிடுக்கு, குதிகால் எல்லாவற்றையும் பாருங்கள். பாதத்தின் அடிப்பகுதியைப் பார்க்க முடியாவிட்டால் கண்ணாடியைப் பயன்படுத்துங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்துக்குப் பிறகும் மறையாவிட்டால் அந்தக் காலணியை அணிய வேண்டாம்.

அலமாரியில் பல ஆண்டுகளாக இருக்கும் பழைய காலணியிலும் கவனம் தேவை. நம் ஊரின் ஈரப்பதத்தில் சில வகைச் செயற்கை அடிப்பகுதிகள், அணியாமல் வைத்திருந்தாலும், உதிர்ந்துபோகும். மேலே பளபளப்பாக இருக்கும் காலணியின் அடிப்பகுதி மண்டபத்தின் நடுவே பெயர்ந்து, விழ நேரிடலாம். முன்கூட்டியே வளைத்து, அழுத்திப் பாருங்கள்.

வீடு திரும்பியதும் தாங்கியை வெளியே எடுத்துக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் அல்லது காருக்குள் வைத்தால் வெப்பத்தில் அதன் வடிவம் கெடலாம்.

எப்போது உதவி நாட வேண்டும்?

பாதத்தில் கொப்புளம், வெடிப்பு, புண், நிற மாற்றம், வீக்கம், சூடு அல்லது நீர்க்கசிவு இருந்தால் காலணியை மாற்றிப் பார்த்துக்கொண்டு நாள்களைக் கடத்தாதீர்கள். உங்களுக்கு நீரிழிவு இருந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாதப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதற்குச் செல்லும்போது உங்கள் தாங்கியையும், அன்றாடக் காலணி, விசேஷக் காலணி இரண்டையும் எடுத்துச் சென்று காட்டுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

• தாங்கியைக் கையோடு கொண்டுபோய்க் காலணி வாங்குங்கள்.
• உள்மெத்தை கழற்றக்கூடியதாக இருக்கட்டும்.
• மாலையில் வாங்குங்கள், நின்றும் நடந்தும் பாருங்கள்.
• நாடா, வார் அல்லது ஒட்டுப்பட்டை பாதத்தைப் பிடித்து நிறுத்தட்டும்.
• புதுக் காலணியை வீட்டில் பழக்கிய பிறகே விசேஷத்துக்கு அணியுங்கள்.
• அணியும் முன் காலணியையும், கழற்றிய பின் பாதத்தையும் பாருங்கள்.

அடுத்த அழைப்பிதழ் வரும்போது சேலை, சட்டையோடு உங்கள் பாதங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். வலியின்றி நின்று மணமக்களை வாழ்த்திவிட்டு, நலமாக வீடு திரும்புங்கள்.