எண்ணா, எழுத்தா?

கிங்ஸ் சர்க்கிளில் வாழும் திருநெல்வேலிக் குடும்பங்கள் சில, தம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கணினித் தரவுத்தளத்தில் பதிவதாகக் கொள்வோம். பட்டியலின் ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு புலம். அதற்குரிய தரவு வகையை முதலில் குறிக்க வேண்டும். சந்தாத் தொகைக்கு எண் வகை பொருந்தும்; அதனைக் கூட்டலாம். ஊர் வீட்டின் தொலைபேசி எண்ணோ பெயரளவில்தான் எண். திருநெல்வேலியின் தொலைபேசிக் குறியீடு 0462. எண் வகையில் இட்டால், முன்னிற்கும் சுழியம் மறைந்து 462 என்றே பதிவாகும். அவசரச் செய்தி சொல்ல அப்பட்டியலைப் பார்த்து அழைப்பவருக்கு இணைப்புக் கிடைக்காது. ஆகவே, அது எழுத்து வகைக்கு உரியது. மாட்டுங்காவின் அஞ்சல் குறியீட்டெண் 400019 சுழியத்தில் தொடங்கவில்லை. ஆயினும், அஞ்சல் குறியீடுகளைக் கூட்டுவார் யார்? அதுவும் எழுத்தே. வயதுக்குத் தனிப்புலம் வேண்டா. பிறந்த நாளைத் தேதி வகையில் பதிந்தால், வயதைக் கணினியே கணக்கிடும்.