நூற்பாவும் காண்டிகையும்: கட்டற்ற இயங்குதள ஆவணங்களும் கொல்லிமலை மாணவரும்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்குரிய இத்திட்டத்தின் வரம்பில் நாமக்கல் மாவட்டக் கொல்லிமலைப் பள்ளிகளும் அடங்கின. தொடக்கத்தில் வழங்கப்பெற்ற கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. டெபியனை அடியொற்றிச் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ், தமிழ் இடைமுகம் உடையது. இடைமுகம் தமிழாயிற்று என்பதனால் ஆவணமும் எளிதாயிற்று எனக் கொள்ள இயலாது. 70 கொண்டையூசி வளைவுகளுக்கு மேலே, வீட்டின் முதற்கணினியைத் திறக்கும் மாணவருக்கு ஐயம் எழுந்தால் ஆவணமே ஆசிரியர்.

யுனிக்சின் முதற் கையேடு 1971இல் வெளிவந்தது. பெயர், கட்டளை வடிவம், விளக்கம் என்னும் அதன் வழிவந்த வைப்புமுறையே இன்றைய லினக்சுக் கையேட்டுப் பக்கங்களிலும் காணப்படுகிறது. சுருக்கத்தில் இவை நூற்பாவை ஒத்தவை. அறிந்தவர் நினைவுகூர்தற்கு உரியவை. அச்சுருக்கத்தைக் குறையெனல் பொருந்தாது. உரையின்றி நூற்பாவை மட்டும் மாணவர் கையில் கொடுத்ததே குறை. கருத்து, பதப்பொருள், காட்டு, வினாவிடை ஆகியவற்றைக் காண்டிகையுரையின் கூறுகளாக நன்னூற் பாயிரம் சுட்டுகிறது. கட்டளை வடிவத்தில் வரும் பகர அடைப்பு, 'விரும்பினால் சேர்க்க' என்னும் குறியீடு. பதப்பொருள் இல்லாமையால் புதியவர் அவ்வடைப்பையும் சேர்த்தே தட்டச்சிடுவார்.

முனையத்தில் கடவுச்சொல்லை உள்ளிடுக என்று ஆவணம் கூறும். உள்ளிடுகையில் பெரும்பாலும் எழுத்தோ புள்ளியோ திரையில் தோன்றாது என்பதைக் கூறாது. விசைப்பலகை பழுதாயிற்று என்று கருதிக் கணினியை மூடிவைப்பவருக்கு அந்த ஒரு தொடரே தேவையாயிருந்தது. பவணந்தியார் வகுத்த குற்றம் பத்தனுள் இது குன்றக் கூறல்.

மயங்க வைத்தல் மொழிபெயர்ப்பில் மிகுதி. 'ரூட்' என்னும் சொல் முழு உரிமை பெற்ற பயனரையும் குறிக்கும். கோப்பு முறைமையின் தலைமை அடைவையும் குறிக்கும். ஈரிடத்தும் 'வேர்' என்றே பெயர்த்தால் மூலத்தின் மயக்கம் தமிழிலும் தொடரும். முன்னதை 'முதன்மைப் பயனர்' எனலாம். அடைவு, கோப்பகம், கோப்புறை என ஒரே பொருளுக்கு மூன்று சொற்கள் ஓர் ஆவணத்துள்ளேயே விரவி வருவதும் இத்தகையதே. எச்சொல்லாயினும் ஒன்றைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

2012 முதல் வெளிவரும் 'கணியம்' இதழும் அதன் 'எளிய தமிழில்' நூல்வரிசையும் இத்துறையில் குறிப்பிடத்தக்கன. எனினும் அவற்றைப் பெற இணையம் வேண்டும். டெபியன் மரபில் மென்பொருள் தொகுப்புகளுக்குரிய ஆவணங்கள் கணினியிலேயே ஓர் அடைவில் நிறுவப்பெறுகின்றன. தமிழ்க் காண்டிகையும் அவ்வடைவில் இடம்பெறுமாயின், அலைவரிசை எட்டாத மலையூரிலும் மாணவர் அதைத் திறந்து படிக்கலாம்.