விளம்பரத் தொல்லை இல்லாத பிரவுசர், காசில்லாமல்!

செய்தி படிக்கப் போனால் நாலு விளம்பரம் குறுக்கே விழுகிறதா? ஃபயர்பாக்ஸைப் போட்டுப் பாருங்கள். 2004-ல் வந்தது, இன்றும் இலவசம்தான். ஆண்ட்ராய்டு போனிலும் இதில் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி தரும் குட்டி நிரல்) சேர்க்கலாம் என்பதுதான் விசேஷம். மெனுவில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' போய் 'யூபிளாக் ஆரிஜின்' சேருங்கள். பெரும்பாலான விளம்பரங்கள் காணாமல் போகும், பக்கம் சட்டென்று திறக்கும், டேட்டாவும் மிச்சம். (பெயரில் கவனம்! 'ஆரிஜின்' என்ற வால் இல்லாதது வேறு சரக்கு.) பணம் கட்டும் பக்கம் ஏதாவது அடம்பிடித்தால், அந்தத் தளத்துக்கு மட்டும் யூபிளாக் ஆரிஜினை அணைத்துவிடலாம்.

முகவரிப் பட்டியில் சிறு காகிதச் சின்னம் தெரிந்தால் தட்டுங்கள். அதுதான் ரீடர் வியூ. சுற்றியுள்ள குப்பையெல்லாம் விலகி கட்டுரை மட்டும் நிற்கும், எழுத்தையும் பெரிதாக்கலாம். கண்ணாடியைத் தேடும் தாத்தா பாட்டிக்கு முதலில் இதைத்தான் காட்டிக்கொடுப்பேன்.

எப்போதோ குறித்துவைத்த பக்கம் இப்போது திறக்கவில்லையா? அதன் முகவரியை 'வேபேக் மெஷின்' தளத்தில் ஒட்டுங்கள். 1996 முதல் சேமித்த பழைய பக்கங்கள் அங்கே கோடிக்கணக்கில் கிடக்கின்றன. நம் பக்கமும் அதில் இருந்தால் யோகம்தான்.

தமிழ் இலக்கியம் வேண்டுமா? 1998-ல் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' என்ற இணையதளத்தில் பிடிஎஃப் ஆகவே இறக்கிக்கொள்ளலாம்.