எந்த எல்லை முதலில் வரும்?

மின்வழங்கி வடிவமைப்பைத் தொழிலாக ஏற்றிருக்கும் இளம் பொறியாளருக்கு,

எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் ஸ்விட்சிங் மின்வழங்கியில் ஐ.சி.யும் மாஸ்ஃபெட்டும் கடையில் கிடைப்பவை. டிரான்ஸ்ஃபார்மர் மட்டுமே பெரும்பாலும் ஒவ்வொரு வடிவமைப்புக்கும் தனியே கணக்கிட்டுச் சுற்றப்படுவது. அதன் உருவைச் சுருக்க முயலும் எவரும் காந்தத் தெவிட்டல், கோரின் இழப்பு, செம்பின் இழப்பு, காப்பு இடைவெளி ஆகிய நான்கு எல்லைகளுள் ஒன்றில் முட்டியே தீர வேண்டும். ஒன்றிலிருந்து விலகும் முயற்சியே பல வேளைகளில் மற்றொன்றின் அருகில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஆகவே, எடுத்துக்கொண்ட வேலையில் எந்த எல்லை முதலில் வரும் என்பதைக் கணக்கைத் தொடங்குமுன் கேட்டுப் பார்க்கும் பழக்கத்தை இளம் பொறியாளர் தொடக்கத்திலேயே கைக்கொள்வது நல்லது.

தெவிட்டல் என்பது, கோர் தாங்கக்கூடிய காந்தப்பாய அடர்த்தியின் உச்சத்தை எட்டியபின், மேலும் மின்னோட்டம் செலுத்தினாலும் பாயம் ஏறக்குறைய உயராமல் நின்றுவிடும் நிலையாகும். அப்போது சுருளின் மின்தூண்டல் சரிந்து, மின்னோட்டம் கட்டின்றி ஏறி, மாஸ்ஃபெட் எரிந்துபோகிறது. சுமை கூடினால் கோர் தெவிட்டும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆற்றலைக் காற்றிடைவெளியில் சேமித்துத் தரும் ஃப்ளைபேக் வகையில் அது சரியே ஆனாலும், ஆற்றலைச் சேமிக்காமல் நேரே கடத்தும் ஃபார்வர்ட் வகையில் பாயத்தைத் தீர்மானிப்பது முதன்மைச் சுருளின் மீதுள்ள மின்னழுத்தமும் அது நீடிக்கும் நேரமுமே. 400 வோல்ட் மின்னழுத்தம் ஒவ்வொரு சுழற்சியிலும் 4 மைக்ரோவினாடி நீடிக்கும்போது, 125 சதுர மி.மீ. குறுக்குவெட்டுப் பரப்புள்ள ஈ.டி.டி. 39 கோரில் 64 சுற்றுகள் இருந்தால் பாய அடர்த்தி 0.2 டெஸ்லா மாறும். செம்பை மிச்சப்படுத்த எண்ணி அதை 45 சுற்றாகக் குறைத்தால் மாற்றம் 0.28 டெஸ்லா ஆகிறது. என்87 போன்ற ஃபெரைட் 25 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 0.49 டெஸ்லா வரை தாங்கும் என்பதால் இது பாதுகாப்பானதாகவே தோன்றும். ஆனால் அதே ஃபெரைட் 100 பாகையில் ஏறத்தாழ 0.39 டெஸ்லாவிலேயே தெவிட்டிவிடும். சுமை திடீரென மாறும் நொடியில் உள்ளீடு 450 வோல்ட்டாக உயர்ந்தும், கட்டுப்பாட்டு ஐ.சி. 5 மைக்ரோவினாடி வரை ஸ்விட்சைக் கடத்தும் நிலையில் வைத்தும் விட்டால், 45 சுற்றில் பாய அடர்த்தி 0.40 டெஸ்லாவைத் தொட்டுவிடும். மேசைமேல் குளிர்ந்த நிலையில் பிழையின்றி ஓடிய கருவி வெயில் காலத்தில் வெடிப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

தெவிட்டலுக்கு வெகுதொலைவில் நின்றாலும் கோரின் இழப்பு விடாது. காந்தமாக்கலைத் திருப்பித் திருப்பிச் செய்யும்போது ஒவ்வொரு சுழற்சியிலும் வெப்பமாகும் ஆற்றலை, இரும்பைப் பொறுத்தவரை பாய அடர்த்தியின் 1.6 அடுக்கோடு இணைத்து 1892இல் மின்பொறியாளர் ஸ்டைன்மெட்ஸ் எழுதினார். இன்றைய ஃபெரைட்டுகளுக்கு அந்த அடுக்கு ஏறத்தாழ 2.5 என்பதால், பாய வீச்சு இரட்டித்தால் இழப்பு ஐந்து மடங்குக்கும் மேலாகிறது. 100 கிலோஹெர்ட்ஸில், சுழியத்தின் இருபுறமும் 0.2 டெஸ்லா வீச்சில், 100 பாகையில் என்87 ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 375 மில்லிவாட் இழக்கிறது, 11.5 கன செ.மீ. கொண்ட ஈ.டி.டி. 39க்கு அது 4.3 வாட். ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 16 பாகை வெப்பம் உயரும் அக்கோர், செம்பின் இழப்பைச் சேர்ப்பதற்கு முன்பே 69 பாகை சூடாகிவிடும். தரவுத்தாளின் வளைகோடுகள் உச்ச வீச்சைக் குறிப்பவை. ஃபார்வர்ட் வகையின் 0.2 டெஸ்லா மாற்றத்துக்கு அவற்றில் பார்க்க வேண்டிய புள்ளி 0.1 டெஸ்லாவே என்பதை இளம் பொறியாளர் மறக்கலாகாது. இத்தகைய ஃபெரைட்டுகளின் இழப்பு 100 பாகையை ஒட்டி மிகக் குறைந்து, அதைத் தாண்டினால் மீண்டும் ஏறுவதால், சூடே மேலும் சூட்டை வளர்க்கும் நிலைக்கு வழி பிறக்கிறது. அதிர்வெண்ணைக் கூட்டினால் கோர் சிறிதாகும் என்பது உண்மை. ஆயினும் அதே பாய வீச்சில் இழப்பு அதிர்வெண்ணைவிட வேகமாக ஏறுவதால், சில நூறு கிலோஹெர்ட்ஸில் தெவிட்டல் கண்ணுக்கு எட்டுமுன் இழப்பே வழியை மறிக்கும்.

செம்பிலும் அதிர்வெண் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது. உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பியின் புறப்பரப்பை ஒட்டியே ஓடும் ஸ்கின் விளைவால், 100 கிலோஹெர்ட்ஸில் சூடான செம்பில் அது ஊடுருவும் ஆழம் ஏறத்தாழ 0.24 மி.மீ. மட்டுமே. அதைவிடக் கொடியது, அடுக்கடுக்காகச் சுற்றிய கம்பிகள் ஒன்றின் காந்தப்புலத்தால் மற்றொன்றில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டும் அண்மை விளைவு. டாவல் 1966இல் வகுத்த கணக்குமுறை, அடுக்குகள் கூடக்கூட இவ்விழப்பு எவ்வளவு விரைவாகப் பெருகுகிறது என்பதைக் காட்டுகிறது. முதன்மைச் சுருளை இரண்டாகப் பிரித்து நடுவில் துணைச்சுருளை வைத்தால் இவ்விழப்பும் குறையும். ஒரு சுருளின் பாயம் மற்றதைச் சேராமல் போவதால் எழும் கசிவு மின்தூண்டலும் ஏறத்தாழ கால் பங்காகும். அதற்கு விலையாகச் சுருள்களிடையே மின்தேக்குத்திறன் கூடி, இரைச்சல் அவ்வழியே கடந்து செல்லும்.

நான்காவது எல்லை மனித உயிரைச் சார்ந்தது. மின்வாரிய இணைப்போடு தொடர்புள்ள சுருளுக்கும் கை தொடக்கூடிய பக்கத்துச் சுருளுக்கும் இடையே ஐ.இ.சி. 62368-1 போன்ற பாதுகாப்புத் தரநிலைகள் கோரும் மேற்பரப்பு இடைவெளிக்காக இருபுற விளிம்பிலும் 3 மி.மீ. வீதம் விட்டால், 15 மி.மீ. அகலமுள்ள பாபினில் ஐந்தில் இரண்டு பங்கு செம்புக்குக் கிடைக்காமல் போகிறது. மூன்றடுக்குக் காப்புக் கம்பியைத் துணைச்சுருளுக்குப் பயன்படுத்தி அவ்விடத்தை மீட்கலாம். இடைவெளியையே குறைத்து மீட்கலாகாது.

ஆகவே, முதல் மாதிரியைச் சுற்றுமுன் உச்ச உள்ளீட்டில் பாய அடர்த்தி, கோரின் இழப்பு, செம்பின் இழப்பு, எஞ்சும் பாபின் அகலம் ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். சுற்றியபின் சூடான நிலையில், அதிக உள்ளீட்டில், சுமையைச் சட்டென மாற்றி, ஆசிலாஸ்கோப்பில் முதன்மை மின்னோட்டத்தைக் காண வேண்டும். நேர்க்கோடாக ஏற வேண்டிய மின்னோட்டத்தின் முனை மேல்நோக்கி வளைந்தால், அது தெவிட்டலின் தொடக்கம். அந்த வளைவைக் கண்ட வடிவமைப்பை, அன்று எரியவில்லை என்ற காரணத்தால் மட்டும் உற்பத்திக்கு அனுப்பலாகாது.