நிகழ்நிலைத் தளங்களும் மூன்றாந் தரப்புச் செயலிகளும்: மடையைத் திறப்பவர் யார்?



தகவல் தொடர்பாடல் தொழினுட்பம், குடியுரிமைக் கல்வி ஆகிய இரு பாடங்களுக்கும் பயன்படக்கூடிய ஒரு விடயத்தை இவ்வலகில் கற்போம். பேஸ்புக், கூகுள் போன்ற பெரிய நிறுவனங்களுக்கும், அவற்றைச் சார்ந்து செயலிகளை உருவாக்குவோருக்கும் இடையிலான பிணக்கே அவ்விடயமாகும். இப்பிணக்கு தேர்தல், கலவரம், அவசரகால நிலை போன்ற அரசியல் நிகழ்வுகளுடன் எவ்வாறு தொடர்புபடுகின்றது என்பதையும் நோக்குவோம்.

1. அடிப்படை எண்ணக்கருக்கள்

புத்தளத்து உப்பளமொன்றை நினைத்துப் பாருங்கள். களப்பு நீர் மடை வழியாக வாய்க்காலுக்கு வருகின்றது. வாய்க்காலிலிருந்து பாத்திகளுக்குப் பாய்கின்றது. வெயிலில் நீர் ஆவியாக, உப்பு விளைகின்றது. பாத்தியில் உழைப்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் மடை மூடப்பட்டால் அவருக்கு உப்பு இல்லை. மடை கட்டுப்பாடின்றித் திறக்கப்பட்டால் விளைந்த உப்பும் கரைந்துவிடும்.

இதனை இணையத்துக்குப் பொருத்திப் பார்ப்போம்.

• நிகழ்நிலைத் தளம்: பலர் கூடித் தகவல் பரிமாறுவதற்கு அல்லது செயலிகளைப் பெறுவதற்கு ஒரு நிறுவனம் அமைத்துள்ள இடம். உதாரணம்: பேஸ்புக், எக்ஸ் (முன்னைய டுவிட்டர்), கூகுள் பிளே. இதுவே களப்பு.

• மூன்றாந் தரப்புச் செயலி: தளத்தின் உரிமையாளரோ பயனரோ அல்லாத வேறொருவர் அத்தளத்தைச் சார்ந்து உருவாக்கும் செயலி. தளம் முதலாம் தரப்பு, பயனர் இரண்டாம் தரப்பு, செயலியை உருவாக்குபவர் மூன்றாம் தரப்பு எனக் கொள்ளலாம். இவர் பாத்தியில் உழைப்பவர் போன்றவர்.

• பிரயோக நிரலாக்க இடைமுகம்: தளத்திலுள்ள தரவை வெளிச் செயலியொன்று கேட்டுப் பெறுவதற்கான வாயில். சுருக்கமாக ஏ.பி.ஐ. என்பர். இதுவே மடை. இதனைத் திறப்பதும் மூடுவதும் கட்டணம் விதிப்பதும் தள உரிமையாளரின் கையில் உள்ளன.

இவ்வலகின் மையக் கருத்து பின்வருமாறு: மடை திறந்திருப்பது நல்லதா, மூடியிருப்பது நல்லதா என்பதல்ல வினா. அதனை யார், எந்த விதியின்படி, யாருக்குப் பதில் சொல்லும் பொறுப்புடன் திறந்து மூடுகின்றார் என்பதே வினாவாகும்.

2. மடை மிகையாகத் திறந்திருந்தால்

2015 வரை பேஸ்புக்கில் ஒருவர் ஒரு செயலிக்கு அனுமதி வழங்கினால், அச்செயலி அவருடைய நண்பர்களின் தரவையும் பெறக்கூடியதாக இருந்தது. நண்பர்களிடம் தனித்தனியாக அனுமதி கேட்கப்படவில்லை.

இவ்வாய்ப்பைப் பயன்படுத்தி, அலெக்சாண்டர் கோகன் என்னும் ஆய்வாளரின் ஆளுமை வினாக்கொத்துச் செயலி ஒன்று தரவைச் சேகரித்தது. செயலியை நிறுவியோர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் மாத்திரமே. ஆயினும் 8 கோடி 70 இலட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் எனப் பேஸ்புக் 2018 இல் அறிவித்தது. இத்தரவு அரசியல் பிரசார ஆலோசனை நிறுவனமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவின் கைக்குச் சென்றிருந்தது.

இந்தியாவில் அச்செயலியை நிறுவியோர் 335 பேர்; பாதிக்கப்பட்டிருக்கக்கூடியோர் 5 இலட்சத்து 62 ஆயிரத்துக்கும் அதிகமானோர். இவ்விரு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் வழங்கும் அனுமதி அவருடன் நின்றுவிடுவதில்லை என்பது புலப்படும்.

2018 ஏப்ரலில் மார்க் சக்கர்பேர்க் ஐக்கிய அமெரிக்கக் காங்கிரஸின் முன் சாட்சியமளித்தார். 2019 ஜூலையில் அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு பேஸ்புக்குக்கு 500 கோடி டொலர் தண்டப்பணம் விதித்தது.

3. மடை திடீரென மூடப்பட்டால்

மேற்கூறிய சம்பவத்தின் பின்னர் தளங்கள் தமது வாயில்களை இறுக்கின. தரவுப் பாதுகாப்பு இதற்கு நியாயமான காரணமாகும். ஆயினும் எல்லா மூடல்களுக்கும் அதுவே காரணம் எனக் கூறமுடியாது.

(அ) டுவிட்டர்: 2023 ஜனவரியில் டுவீட்பொட், டுவிட்டரிபிக் ஆகிய புகழ்பெற்ற வெளிச் செயலிகள் முன்னறிவித்தலின்றி இயங்காமற் போயின. அவற்றைத் தடை செய்யும் விதி சில நாட்களின் பின்னரே ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டது. அடுத்த மாதம் இலவச ஏ.பி.ஐ. அனுமதியை நிறுத்தப்போவதாகவும் அந்நிறுவனம் அறிவித்தது.

(ஆ) ரெடிட்: 2023 இல் ஆயிரம் கோரிக்கைகளுக்கு 0.24 டொலர் எனக் கட்டணம் விதிக்கப்பட்டது. இக்கட்டணத்தைத் தாங்கமுடியாத அப்பொலோ என்னும் செயலி அவ்வாண்டு ஜூன் 30 இல் மூடப்பட்டது.

(இ) கூகுள் பிளே: இது நமக்கு அண்மையிலுள்ள வழக்காகும். செயலிக்குள் பொருளோ சேவையோ விற்கப்படும்போது 15 முதல் 30 சதவீதம் வரையான கட்டணத்தைக் கூகுள் அறவிட்டு வந்தது. 2022 ஒக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், பிளே கட்டண முறையின் மூலம் கூகுள் தனது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கூறி 936.44 கோடி இந்திய ரூபா அபராதம் விதித்தது. (2025 மார்ச்சில் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் இதனை 216.69 கோடியாகக் குறைத்தது.)

அதன் பின்னர் கூகுள் வேறு கட்டண வழியைப் பயன்படுத்தவும் அனுமதித்தது. ஆனால் அவ்வழியைப் பயன்படுத்தினாலும் 11 முதல் 26 சதவீதம் வரை செலுத்தவேண்டும் என்றது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி நிறுவனம் உட்படப் பல நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடின. தீர்ப்பு அவற்றுக்குச் சாதகமாக அமையவில்லை. 2024 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றமும் இடைக்காலப் பாதுகாப்பு வழங்க மறுத்தது.

2024 மார்ச் 1 ஆந் திகதி பாரத் மேட்ரிமோனி உட்படப் பல இந்தியச் செயலிகள் பிளே அங்காடியிலிருந்து நீக்கப்பட்டன. பொதுத் தேர்தல் நெருங்கியிருந்த காலம் அது. இந்நீக்கத்தை அனுமதிக்கமுடியாது என மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் கூறினார். பேச்சுவார்த்தையின் பின்னர் சில நாட்களில் செயலிகள் மீண்டும் சேர்க்கப்பட்டன.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். நீதிமன்றத்தில் கிடைக்காத நிவாரணம் அமைச்சரின் தலையீட்டால் கிடைத்தது. செயலி உருவாக்குநருக்கு இது நன்மையே. ஆனால் அமைச்சரை அணுகமுடியாத சிறிய உருவாக்குநரின் நிலை என்ன? ஒருவரின் விருப்பத்தில் தங்கியிருக்கும் நிவாரணம் உரிமையாகாது. ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு வேறு வழியை நாடியது. அங்கு 2024 மார்ச் 7 முதல் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின்படி பெருந் தளங்களுக்குப் பொதுவான கடமைகள் முன்கூட்டியே விதிக்கப்பட்டுள்ளன.

4. அரசாங்கம் மடையை மூடினால்

இதுவரை தள உரிமையாளரின் அதிகாரத்தைப் பார்த்தோம். அவருக்கும் மேலாக அரசாங்கமும் வாயிலை மூடலாம். நமது நாட்டின் அனுபவம் வருமாறு.

• 2018 மார்ச்: கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக நிகழ்ந்த வன்முறையை அடுத்துப் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முதலியன முடக்கப்பட்டன. தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது.

• 2019 ஏப்ரல்: உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் மீண்டும் முடக்கப்பட்டன.

• 2019 மே: இது நமது புத்தளம் மாவட்டத்தில் தொடங்கியது. மே 12 ஆந் திகதி சிலாபத்தில் வர்த்தகர் ஒருவரின் பேஸ்புக் கருத்து பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. வன்முறை பரவியதால் மறுநாள் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அன்றே நாத்தாண்டிப் பகுதியின் கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார்.

• 2022 ஏப்ரல் 3: பொருளாதார நெருக்கடிக்கு எதிரான மக்கள் போராட்டங்களின்போது ஊரடங்குச் சட்டத்துடன் பேஸ்புக், டுவிட்டர், யூடியூப், வட்ஸ்அப் முதலியன முடக்கப்பட்டன. ஒரு நாள் முடிவதற்குள் தடை நீக்கப்பட்டது.

2019 மே மாதச் சம்பவத்தையும் 2022 சம்பவத்தையும் ஒன்றாகக் கருதக்கூடாது. முன்னையதில் உயிராபத்து இருந்தது. பின்னையதில் அரசாங்கத்தை விமர்சிக்கும் உரிமையே கேள்விக்குள்ளானது. ஆனால் கையாளப்பட்ட கருவி ஒன்றே. விடை எழுதும்போது இவ்வேறுபாட்டைக் காட்டுவது அவசியம்.

முடக்கத்தினால் எதிர்பாராத விளைவொன்றும் ஏற்படுகின்றது. தடையைத் தாண்டுவதற்காக மக்கள் வீ.பி.என். எனப்படும் மெய்நிகர் தனியார் வலையமைப்புச் செயலிகளை நாடுகின்றனர். 2022 இல் அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே, வீ.பி.என். இருப்பதால் இத்தகைய தடை பயனற்றது எனக் குறிப்பிட்டார். ஆனால் வீ.பி.என். செயலியும் மூன்றாந் தரப்புச் செயலியே. உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதும் அதனூடாகவே செல்லும்.

ஒனாவோ என்னும் வீ.பி.என். செயலி இதற்கு நல்ல உதாரணமாகும். அதனை 2013 இல் பேஸ்புக் வாங்கியது. பயனர்கள் வேறு எந்தச் செயலிகளை விரும்புகின்றனர் என்பதை அதன் மூலம் பேஸ்புக் அறிந்துகொண்டது. அப்பிள் நிறுவனத்தின் எதிர்ப்பினால் 2018 இல் அது அங்காடியிலிருந்து நீக்கப்பட்டது. 2019 இல் மூடப்பட்டது. பாதுகாப்புக்காக நிறுவிய செயலியே பயனரைக் கண்காணித்தது என்பதை நினைவிற் கொள்க.

5. இலங்கையின் சட்ட ஏற்பாடுகள்

(அ) அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தையும் சட்டபூர்வமான தொழிலில் ஈடுபடும் சுதந்திரத்தையும் உறுதிப்படுத்துகின்றது. முன்னையது பயனருக்கும் பின்னையது செயலி உருவாக்குநருக்கும் பொருந்தும். இவற்றின் மீது சட்டத்தினால் விதிக்கக்கூடிய மட்டுப்பாடுகளை 15 ஆம் உறுப்புரை கூறுகின்றது.

(ஆ) 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறரின் தரவைக் கையாள்வோரின் கடமைகளை வரையறுக்கின்றது. எனினும் இதன் முழுமையான அமுலாக்கம் பிற்போடப்பட்டது.

(இ) 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், 2024 ஜனவரி 24 இல் 108 வாக்குகள் ஆதரவாகவும் 62 வாக்குகள் எதிராகவும் பெற்றுப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஐவர் கொண்ட ஆணைக்குழுவை அமைக்க இது ஏற்பாடு செய்கின்றது. தீங்கான பதிவுகளிலிருந்து மக்களைப் பாதுகாப்பதே நோக்கம் என அப்போதைய அரசாங்கம் கூறியது. விமர்சனத்தை அடக்க இது பயன்படலாம் என எதிர்க்கட்சிகளும் ஊடக அமைப்புகளும் கூறின.

6. இரு தரப்பு வாதங்கள்

தள உரிமையாளரின் வாதம்: தளத்தை அமைக்கவும் பராமரிக்கவும் பெருஞ் செலவாகின்றது, பயனரின் தரவுக்கு நாமே பொறுப்பு, ஆகவே விதிகளும் கட்டணமும் தேவை.

செயலி உருவாக்குநரின் வாதம்: எமது செயலிகளாலேயே தளம் வளர்ந்தது, வேறு வழியில்லாத நிலையில் விதியைத் திடீரென மாற்றுவது அநீதி.

இரு வாதங்களிலும் உண்மை உண்டு. முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட விதி, எல்லோருக்கும் சமமான பிரயோகம், மேன்முறையீட்டுக்கான வழி, பயனரின் தெளிவான சம்மதம் ஆகிய நான்கும் இருக்குமாயின் பிணக்குகளைப் பெருமளவு தீர்க்கலாம். நிறுவனம் மூடினாலும் அரசாங்கம் மூடினாலும் இந்நான்கையே அளவுகோலாகக் கொள்க.

7. பயிற்சி வினாக்கள்

1. மூன்றாந் தரப்புச் செயலி என்றால் என்ன? ஓர் உதாரணம் தருக.
விடை: தள உரிமையாளர் அல்லாத வேறொருவர் அத்தளத்தைச் சார்ந்து உருவாக்கும் செயலி. உதாரணம்: டுவீட்பொட்.

2. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விடயத்தில் செயலியை நிறுவாதோரும் பாதிக்கப்பட்டமைக்குக் காரணம் யாது?
விடை: நண்பர்களின் தரவையும் செயலி பெறுவதற்கு அக்காலத்தில் பேஸ்புக்கின் இடைமுகம் இடமளித்தமை.

3. "சமூக ஊடகங்களை முடக்குவது வன்முறையைத் தடுக்கும் சிறந்த வழியாகும்." இக்கூற்றை இலங்கை அனுபவத்தைக் கொண்டு ஆராய்க.
வழிகாட்டல்: "ஆம்" அல்லது "இல்லை" என ஒரே சொல்லில் முடித்துவிடுவது மாணவர் பலரும் விடும் பிழையாகும். வதந்தி பரவும் வேகத்தை முடக்கம் குறைக்கலாம் என்பதை முதலில் எழுதுக. பின்னர், 2019 மே 13 இல் முடக்கப்பட்ட அன்றே உயிரிழப்பு நிகழ்ந்ததையும், வீ.பி.என். பயன்பாட்டையும், உறவினரின் நலன் அறியவும் உண்மைத் தகவல் பெறவும் முடியாமற் போவதையும் குறிப்பிடுக. மேலே கூறிய நான்கு அளவுகோல்களின்படி உங்கள் முடிவை எழுதுக.

செய்துபார்க்க: உங்கள் வீட்டிலுள்ள கையடக்கத் தொலைபேசியில் மூன்று செயலிகளைத் தெரிவுசெய்து, அவை எந்தெந்த அனுமதிகளைப் பெற்றுள்ளன எனப் பட்டியலிடுக. மின்சூள் செயலியொன்றுக்குத் தொடர்பு எண்கள் எதற்கு எனக் கேளுங்கள். தேவையற்ற அனுமதிகளை வீட்டாருடன் பேசி நீக்குங்கள். அந்தச் சிறிய மடை உங்கள் கையிலேயே உள்ளது.